இடக்கை இறுக்கினால் இடப்பக்கம்

மருந்துப் போத்தலில் உள்ள சின்ன எழுத்தைக் கண்ணாடி போடாமல் வாசிக்க இப்போது உங்களில் ஒருவருக்கும் முடியாது. எனக்கும் முடியாது. ஐம்பதை எட்டிப் பிடிக்கப் போகிறோம். சின்னப் பிள்ளைகளாக இந்த மொன்றியலில் வந்து இறங்கி, ஆறு மாதத்தில் பிரெஞ்சைப் பிடித்து, அதன் பிறகு வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டிய கூட்டம் நாங்கள். மின்சாரக் கடிதம், வீட்டுக்காரரின் கடிதம், பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைப் பற்றியே முறைப்பாடாக வந்த கடிதம், எல்லாம் எங்கள் வாயால்தான் வீட்டுக்குள் நுழைந்தன. அதனால் நான் சொல்லப் போவது உங்களுக்கு விளங்கும். வேறு ஆட்களுக்குச் சொன்னால், "ஏன் நீ அப்பவே சொல்லேல்லை?" என்று கேட்கிறார்கள். நான் சொன்னேன். சொன்னதால் வந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பா துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி இறக்கினார். அம்மா ஒரு தையல் பக்டறியில் சேர்ட்டுகளுக்குக் கொலர் தைத்தார். பீ-நெஃப் வீதிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் மேல் மாடியில் நாங்கள் இருந்தோம். கீழ் வீட்டில் அப்பாவின் அக்கா, என் மாமி, குடும்பத்தோடு இருந்தார். முன்பக்கத்தில் வளைந்து வளைந்து இறங்குகிற இரும்புப் படி. பனிக்காலத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவோமே, அந்தப் படிதான். ஆனால் அம்மா கோடையிலும் அப்படித்தான் இறங்குவார். ஒரு கை கம்பியை விடாது. கால் நுனி அடுத்த படியைத் தேடித் தேடி வைக்கும். கீழே யார் நின்றாலும் நின்றபடி நிற்க வேண்டியதுதான்.

"மகாராணி இறங்கி வாறா, வழி விடுங்கோ," என்பார் மாமி, கதவடியில் நின்றுகொண்டு.

மாமிக்கு அம்மாவில் ஒரு மனக்குறை இருந்தது. மாமியின் மகள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீடு ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில் நடந்தது. வாசலில் மாமியே சந்தனத் தட்டத்தோடு நின்றார். அம்மா புதுச் சேலையில் உள்ளே வந்தார். மாமி பக்கத்திலிருந்து தட்டத்தை நீட்டினார். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே நடந்து போய்விட்டார். நூறு சனம் பார்த்துக்கொண்டிருந்தது. மாமி நீட்டிய கை நீட்டியபடி நின்றதை நானும் பார்த்தேன்.

"தம்பி, உன்ரை பெண்சாதிக்குத் தலைக்கனம்," என்று மாமி அப்பாவிடம் சொன்னார். அப்பா அன்று பின்னேரம் அம்மாவுடன் கதைக்கவில்லை. அம்மாவுக்கு என்ன பிழை செய்தார் என்றே தெரியவில்லை. "ஆர் தட்டம் நீட்டினது? எனக்கு ஒருத்தரும் நீட்டேல்லையே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அது இன்னும் மோசமாகப் போய் முடிந்தது. தலைக்கனத்தோடு பொய்யும் சேர்ந்துவிட்டது.

இதைப் போல வேறு பலதும் நடக்கும். தேத்தண்ணிக் கோப்பை மேசையிலிருந்து விழும். நிலத்தில் நான் வைத்த புத்தகப் பையில் தடக்கி விழுவார். பாதி திறந்த அலுமாரிக் கதவில் நெற்றி அடிபடும். "எங்கை யோசினை?" என்பார் அப்பா. எங்கள் வீட்டில் அம்மாவின் குணம் என்று அதற்குப் பெயர் வைத்தாகிவிட்டது. அம்மாவுக்குக் கவனம் இல்லை, அவ்வளவுதான்.

அந்த வருடம் ஜூலை முதலாம் திகதி, நகரம் முழுக்க வீடு மாறுகிற அன்று, தெருவோரம் எங்கும் வேண்டாத சாமான்கள் குவிந்து கிடந்தன. மெத்தை, மூடி இல்லாத விளக்கு, ஒரு பூனைக்கூடு. அவற்றுக்கு நடுவில் ஒரு பச்சை நிறப் பெண்கள் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. முன்னால் கம்பிக் கூடை, பின்னால் கரியர், ஒரு மிதியில் றப்பர் இல்லை. நான் இரண்டு வீடு தாண்டிப் போன பிறகுதான் அம்மா பின்னால் வரவில்லை என்று கண்டேன். அவர் அந்தச் சைக்கிளுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"இது ஆருக்கும் வேண்டாமாமோ? கேட்டுச் சொல்லு."

மெத்தை தூக்கிக்கொண்டு இறங்கிய ஒருவரிடம் கேட்டேன். கொண்டு போங்கள், கொண்டு போங்கள் என்று தலையால் காட்டினார். அம்மா வீட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் வைத்தே ஏறிவிட்டார். ஒழுங்கையின் முடிவு வரை போய், ஒரு காலை ஊன்றித் திருப்பி, என்னை நோக்கி வந்தார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. எனக்கு அது அன்றுதான் தெரிந்தது.

பெரிய பூங்கா எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவோம். பூங்காவின் புல்வெளியைச் சுற்றி ஒரு தார் வீதி வட்டமாக ஓடியது. கார் வராது. சந்தி கிடையாது. படி கிடையாது. நடுவே ஒரு வெள்ளைக் கோடு. எல்லோரும் ஒரே பக்கமாகச் சுற்றுவார்கள். ஒரு பாதிச் சுற்றுக்கு ஒலிம்பிக் கோபுரம் சாய்ந்துகொண்டு எங்களைப் பார்க்கும். மறு பாதிக்கு முதுகில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நகரமே அங்கேதான் இருக்கும். இறைச்சி வாட்டுகிற புகை, வெயிலுக்குப் பூசுகிற கிறீமின் வாசம், குழந்தை வண்டில்கள், கயிற்றை இழுக்கிற நாய்கள். அதோடு அந்த வருடம் எல்லோருக்கும் சக்கரச் சப்பாத்துப் பைத்தியம். வரிசையாக வந்து, "ஆ கோஷ்! ஆ கோஷ்!" என்று கத்திக்கொண்டு முந்துவார்கள். இடப்பக்கத்தால் வருகிறோம் என்று அர்த்தம்.

"இந்த றோட்டிலை எனக்கு ஒரு பயமும் இல்லை," என்றார் அம்மா முதல் நாள். அது ஏன் என்று நான் பிறகுதான் யோசித்தேன். அந்த நகரத்தில் அம்மாவைத் தடக்கி விழுத்தாத ஒரே வீதி அது.

நான் கரியரில் இருந்தேன். கம்பி தொடையில் சுடும் என்று அம்மா ஒரு துவாயை நாலாக மடித்துக் கட்டியிருந்தார். இரண்டு கையாலும் அம்மாவின் இடுப்பைப் பிடித்திருப்பேன். அம்மாவின் சட்டையில் தையல் மெசின் எண்ணெய் மணக்கும். எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது.

இரண்டாவது சுற்றில், வலப்பக்கப் புல்லிலிருந்து ஒரு பெரிய வெள்ளை நாய் வீதியை நோக்கி வந்தது. நான் கண்டேன். அம்மாவும் கண்டிருப்பார் என்று நினைத்தேன். நாய் வீதி விளிம்புக்கு வந்தது. அம்மா மிதித்துக்கொண்டே இருந்தார். பயத்தில் நான் வலக்கையை இறுக்கினேன். அம்மா பிறேக் பிடித்தார். நாய் முன் சில்லை உரசிக்கொண்டு போனது.

"எங்கையிருந்து வந்தது இது?"

"அது கனநேரமா வந்துகொண்டிருந்தது அம்மா."

அம்மா மறுபடி மிதித்தார். அடுத்து ஒரு பந்து. பிறகு இடப்பக்கத்தால் முந்திய ஒரு பெண். ஒவ்வொரு தடவையும் முன்னால் வந்த பிறகுதான் அம்மாவின் முதுகு திடுக்கிட்டது. முதுகைக் கட்டிப் பிடித்திருப்பவளுக்கு அது தெரியாமல் போகாது.

அடுத்த ஞாயிறு ஏறும்போது அம்மா விளையாட்டுப் போலச் சொன்னார்: "நான் முன்னுக்குப் பாக்கிறன். நீ பக்கத்தைப் பார். என்னவும் வந்தா அந்தப் பக்கத்துக் கையாலை இறுக்கு."

அப்படித்தான் ஓடினோம். இடக்கை இறுக்கினால் இடப்பக்கம் ஆள். வலக்கை இறுக்கினால் வலப்பக்கம். இரண்டும் இறுக்கினால் நிற்பாட்டு. அம்மா அதற்குள் நன்றாகப் பழகிவிட்டார். நான் விரல் அசைத்தாலே சைக்கிள் விலகும். சில சுற்றுகளில் அம்மா வாய்க்குள் ஏதோ பாடுவார். பாட்டு முதுகு வழியாக என் கன்னத்தில் அதிரும். அந்த நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் போல எனக்கு அம்மா கிடைத்தது முன்பும் இல்லை, பின்பும் இல்லை. ஆனால் எனக்கு நித்திரையில் கை இறுக ஆரம்பித்துவிட்டது.

ஏனென்றால் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோப்பை, புத்தகப் பை, அலுமாரிக் கதவு, சந்தனத் தட்டம். எல்லாம் பக்கத்தில் இருந்தவை. அம்மாவுக்குப் பக்கம் இல்லை.

ஒரு நாள் அப்பா வேலையால் வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். "அப்பா, அம்மாவுக்குக் கண் தெரியேல்லை."

அப்பா சிரித்தார். நான் அழுததும் சிரிப்பை நிறுத்தி, "சரி, பாப்பம்," என்றார். அவர் மோசமான மனிதர் இல்லை. அதையும் சொல்ல வேண்டும். அம்மாவை வீட்டு முன்னறையின் ஒரு மூலையில் இருத்தினார். எதிர் மூலையில் போய் நின்று, ரொறொன்ரோவிலிருந்து வருகிற தமிழ்ப் பத்திரிகையை விரித்துப் பிடித்தார். "இதை வாசி."

அம்மா தலைப்பை வாசித்தார். அதன் கீழிருந்த சின்னத் தலைப்பையும் வாசித்தார். மரண அறிவித்தலில் இருந்த பெயரைக்கூட வாசித்தார். பிறகு அப்பா ஊசியும் நூலும் எடுத்து வரச் சொன்னார். அம்மா ஒரே தரத்தில் கோர்த்தார்.

"ஊசிக்கு நூல் கோக்கிறா. இவவுக்கோ கண் தெரியாது?" அப்பா என் தலையைத் தடவினார். "பிள்ளை, உன்ரை கண்ணைத்தான் காட்ட வேணும்."

அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பெரிய ஆறுதல் இருந்தது. அம்மா தனக்கே அந்தப் பரீட்சை வைத்துப் பார்த்துச் சித்தியடைந்த மாதிரி. நேரே இருப்பது அம்மாவுக்கு என்னைவிடத் துல்லியமாகத் தெரியும் என்று சொல்ல எனக்குச் சொல் வரவில்லை. பிரெஞ்சிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. பக்கத்திலிருந்து காட்டிப் பாருங்கள் அப்பா என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். முப்பத்தைந்து வருடமாக அந்த வசனத்தை நான் குளிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன்.

குசினி அடுப்படியில் அம்மா என்னைத் தனியே பிடித்தார். "ஏன் சொன்னனீ? பக்டறியிலை தெரிஞ்சா என்னை வைச்சிருப்பாங்களோ?"

"நீங்கள் விழுந்திடுவியள் எண்டு..."

"நான் விழேல்லை. இனி நீ பின்னாலை ஏற வேண்டாம்."

அந்த ஞாயிறு நான் கெஞ்சிக் கெஞ்சிக் கூடப் போனேன். பூங்காவுக்கு வரலாம், ஏறக்கூடாது என்றார். தண்ணீர் குடிக்கிற குழாயடியில் என்னை நிற்க விட்டுவிட்டு, அம்மா தனியே சனத்துக்குள் போனார். மஞ்சள் சட்டை. வளைவில் மரங்களுக்குள் அது மறைந்தது.

காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. என் கையில் பிளாஸ்ரிக் மணிக்கூடு ஒன்று. ஒரு சுற்றுக்கு அம்மாவுக்குப் பதினாலு நிமிடம். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் செய்யாது. பத்தாவது நிமிடத்தில் வளைவை விட்டுக் கண் எடுக்கமாட்டேன். பன்னிரண்டில் எல்லாச் சைக்கிளும் பச்சையாகத் தெரியும். மஞ்சள் புள்ளி வளைவில் வரும்போது நான் வீதியின் நடுக்கோட்டில் போய் நிற்பேன். ஓரத்தில் நின்றால் அம்மா என்னைக் காணமாட்டார். நேரே நின்றால்தான் காண்பார். சறுக்கி வருகிறவர்கள் என்னைப் பார்த்துக் கத்துவார்கள். அம்மா என்னைக் கண்டு, சிரித்து, கையை ஆட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடுவார். மறுபடியும் பதினாலு நிமிடம். நிற்பாட்டுங்கள் என்று கத்தினால் நிற்கமாட்டார். யாரிடமாவது சொன்னால் என்ன சொல்வது? அதோ போகிறாரே, அழகாக நேர்கோட்டில் சைக்கிள் ஓட்டுகிறாரே, அவருக்குக் கண் தெரியாது என்றா?

இரண்டு ஞாயிறு அப்படிப் போனது. மூன்றாவது ஞாயிறு, மூன்றாவது சுற்றில், பதினாலு நிமிடம் வந்தது. பதினைந்து வந்தது. பதினேழு. இருபதாவது நிமிடத்தில் மரங்களுக்கு அப்பால் அம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

புல்வெளியைக் குறுக்கறுத்து ஓடினேன். யாரோ விரித்த துணிக்கு மேலாலும், யாரோவின் சாப்பாட்டுத் தட்டுக்கு மேலாலும் ஓடினேன். ஒரு சனக்கூட்டம் வட்டமாக நின்றது. நடுவில் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், காலில் சக்கரச் சப்பாத்தோடு நிலத்தில் இருந்தார். இடது மணிக்கட்டை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். அது பிழையான பக்கம் வளைந்திருந்தது. அம்மா அவருக்கு முன்னால் நின்றார். முழங்காலில் இரத்தம். "சொறி, சொறி," என்பதைத் தவிர வேறு சொல் அவருக்குக் கிடைக்கவில்லை.

நான் அம்மாவுக்கு நேரே போய் நின்றேன்.

"பிள்ளை, சொல்லு. நான் காணேல்லையெண்டு சொல்லு. குழந்தை வண்டிலுக்கு விலத்தினனான். சத்தியமா இவவைக் காணேல்லை."

நான் பிரெஞ்சில் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்தது. கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்தேன், இரண்டு தரம் கத்தினேன், எப்படிக் காணாமல் இருக்கும் என்றார். அவர் கேட்டது நியாயம். நிற்கிற எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

பிறகு அவர் எழுந்திருக்கப் பார்த்து, நல்ல கையை அம்மாவை நோக்கி நீட்டினார். அம்மா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் ஓடியது. அந்தப் பெண்ணின் கை கீழே நீட்டியபடி இருந்தது. விழுத்திவிட்டுக் கைகூடக் கொடுக்கிறாளில்லை என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார்.

"அவவுக்கு உங்கள் கை தெரியவில்லை," என்றேன் பிரெஞ்சில். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். நீட்டிய கையை மெல்ல மெல்ல மேலே உயர்த்தினார். இடுப்பளவு வந்தது. நெஞ்சளவு வந்தது. அது அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே வந்ததும் அம்மா திடுக்கிட்டு, இரண்டு கையாலும் அதைப் பற்றிப் பிடித்தார்.

தான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்வதாக அந்தப் பெண் என்னிடம் சொன்னார். வீட்டில் தெரியுமா என்று கேட்டார். சொன்னேன், நம்பவில்லை என்றேன். "திரும்பச் சொல். கேட்கும்வரை சொல்," என்றார். அம்புலன்ஸ்காரர் கையைக் கட்டி ஏற்றும்போதும் கண் டொக்டர், கண் டொக்டர் என்று என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். அவர் எங்கள்மேல் ஒரு முறைப்பாடும் கொடுக்கவில்லை. பெயரும் தெரியாது. அவருடைய மணிக்கட்டு சரியாக வந்ததா என்றுகூடத் தெரியாது.

"என்ன சொல்லிப்போட்டுப் போறா?" என்று அம்மா கேட்டார்.

"உங்களைக் கண் டொக்டரிட்டைக் காட்டச் சொல்லிறா."

அம்மா இந்த முறை என்னை ஏசவில்லை. நான் சைக்கிளைத் தள்ள, அவர் சீற்றைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்து வந்தார்.

டொக்டரிடம் இடம் கிடைக்கச் செப்ரெம்பர் கடைசி ஆகிவிட்டது. அப்பா அரை நாள் லீவு எடுத்து வந்தார். மொழிபெயர்க்க நான். பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லியிருந்தது.

டொக்டர் அம்மாவுக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். தன் மூக்கையே பார்க்கச் சொன்னார். பக்கத்திலிருந்து விரலைக் கொண்டு வருவேன், விரல் தெரிந்ததும் சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன். அவர் விரலை அம்மாவின் காதடியில் பிடித்து ஆட்டினார். நானும் அப்பாவும் சுவரோரம் இருந்தோம். விரல் மெல்ல முன்னுக்கு வந்தது. கன்னத்தைத் தாண்டியது. அம்மா நல்ல மாணவி மாதிரிக் கையை மடியில் வைத்து, டொக்டரின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். விரல் இன்னும் வந்தது.

அம்மா தலையைத் திருப்பாமல் என்னிடம் கேட்டார்: "இவர் இன்னும் துவங்கேல்லையோ?"

அப்பா எழுந்து நின்றார். பிறகு எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர் போல மறுபடி இருந்தார்.

குடும்பத்தில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். நான் அதை அம்மாவிடம் கேட்டேன்.

"என்ரை தம்பிக்கு இருக்கு. மாலைக்கண். பொழுதுபட்டா கையைப் பிடிச்சுத்தான் கூட்டிக்கொண்டு போவம். எனக்கும் பொழுதுபட்டா வடிவாத் தெரியாது. அது மட்டும்தான் எண்டு நினைச்சன்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே," என்றார் அப்பா.

"சொல்லியிருந்தா கட்டியிருப்பியளோ?"

இருவரும் என்ன சொல்கிறார்கள் என்று டொக்டர் என்னிடம் கேட்டார். நான் இருவரையும் பார்த்தேன். பதினொரு வயதில் அந்த வசனத்தை எந்தப் பாசைக்கு மாற்றுவது? "தம்பிக்கு இருக்கிறதாம்," என்று மட்டும் சொன்னேன்.

அவர் சொன்ன மிச்சத்தை நான்தான் வீட்டாருக்குச் சொன்னேன். மருந்து இல்லை. பார்வை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வரும். நடு மிஞ்சியிருக்கும், எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல முடியாது. டொக்டர் சொன்னதில் ஒரு சொல்லையும் நான் குறைக்கவில்லை. குறைத்திருக்கலாம் என்று சில நாள் நினைக்கிறேன். கடைசியாக என் கண்ணுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்து, இவளுக்கு ஒன்றுமில்லை என்றார். அதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

மாமி அன்று பின்னேரமே மேலே ஏறி வந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றவர், சட்டென்று நினைவு வந்து சுற்றி முன்னால் போய் நின்றார். "நீ எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே," என்றார். இரண்டு பேரும் அழுதார்கள். எல்லோரும் பிறகு அதையேதான் சொன்னார்கள். சொல்லியிருக்கலாமே.

அந்தச் சைக்கிளை அப்பா யாருக்கோ கொடுத்துவிட்டார். எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. பக்டறியில் அம்மா இன்னும் ஒன்பது வருடம் கொலர் தைத்தார். ஊசி நேரே கண்ணுக்குக் கீழே இருந்ததால் அங்கே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அம்மாவின் தையலில் ஒரு பிழையும் கண்டதில்லை என்று மேற்பார்வையாளர் பெண் ஒருமுறை எனக்குச் சொன்னார். டொக்டரின் அறையில் அம்மா கேட்ட கேள்விக்கு அப்பா கடைசிவரை பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செப்ரெம்பருக்குப் பிறகு, வெளியே போனால், அவர் அம்மாவின் இடப்பக்கத்தை விட்டு விலகினது கிடையாது. எதற்கும் அம்மாவின் முழங்கையை விடமாட்டார். அதைப் பதில் என்று எடுக்கலாமா என்று எனக்குத் தெரியாது. அப்பா இறந்து மூன்று பனிக்காலம் ஆகிறது.

அம்மா இப்போது என்னோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருக்கிறார். நடுவில் கடுகளவு பார்வை மிஞ்சியிருக்கிறது. அதுவும் மங்கிக்கொண்டு வருகிறது என்று போன மார்ச் மாதம் புது டொக்டர் சொன்னார். இந்த முறை அம்மாவுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. இவ்வளவு காலத்தில் பிரெஞ்சும் வந்துவிட்டது.

மறுநாள் காலை நல்ல வெயில். வெளியே பனி கரைந்து கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா குசினி யன்னலடியில் என்னைக் கூப்பிட்டார்.

"இப்பிடி வெளிச்சத்திலை இரு பிள்ளை. உன்னை ஒருக்கால் பாக்கவேணும்."

நான் இருந்தேன். அம்மா கதிரையை நெருக்கிப் போட்டார்.

"அசையாதை."

முழு முகம் ஒரே நேரத்தில் அம்மாவின் பார்வைக்குள் அடங்காது. நெற்றியில் ஆரம்பித்தார்.

"நரைச்சுப் போச்சே. எப்ப தொடக்கம்?"

"கன நாள் அம்மா."

"ஒருத்தரும் சொல்லேல்லை."

பிறகு ஒரு கண். பிறகு மற்றக் கண். ஒவ்வொன்றிலும் நின்று, மனப்பாடம் செய்கிறவர் மாதிரிப் பார்த்தார். மூக்கு கொப்பற்றைதான் என்றார்; அப்பாவின் மூக்கு. அங்கிருந்து வாய்க்கு வந்தார்.

"ஏன் வாயை இப்பிடி இறுக்கி வைச்சிருக்கிறாய்? சிரி."

எனக்கு உடனே வரவில்லை. கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தேன். அதற்குள் அம்மாவின் பார்வை நாடிக்கு இறங்கி, கழுத்துக்குப் போய்விட்டது.